கிருமியின் பெயரைத் தேடிய டாக்டர் ஹெட்டி அலெக்சாண்டர்

ஹெட்டி அலெக்சாண்டர் 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாமவர். கௌச்சர் பெண்கள் கல்லூரியில் படித்த காலத்தில் அவர் எடுத்த புள்ளிகள் சாதாரணமானவைதான். படிப்பைவிட விளையாட்டிலேயே அவருக்கு அதிக ஆர்வம் இருந்தது. 1923இல் பட்டம் பெற்றபின் மூன்று வருடங்கள் அரச சுகாதார சேவையில் பற்றீரியா ஆய்வாளராக வேலை செய்தார். அந்தச் சம்பளத்தைச் சேமித்தே ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1930இல் டாக்டரானார்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கு, அவருடைய வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி அந்த மூன்று வருடங்கள்தான். நுணுக்குக்காட்டியின் முன்னால் அன்று பழகிய கண்களே பின்னர் குழந்தைகளின் உயிரைக் காத்தன.

பயிற்சி டாக்டராக இருந்தபோது அவர் ஒரு கொடிய நோயைக் கண்டார். அது மூளை மென்சவ்வு அழற்சி. மூளையையும் முண்ணாணையும் மூடியிருக்கும் மெல்லிய சவ்வுகளில் கிருமி தொற்றுவதால் இது வருகிறது. வைரசு, பற்றீரியா, காசநோய்க் கிருமி, பங்கசு எனக் காரணங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. அன்று சிறு குழந்தைகளிடையே இந்நோயை அதிகம் உண்டாக்கிய பற்றீரியாக்களில் ஒன்று ஹீமோபிலஸ் இன்புளுவென்சா பி வகை. ஒரு காலத்தில் இன்புளுவென்சாக் காய்ச்சலுக்கு இதுவே காரணம் எனத் தவறாக எண்ணியதால் வந்த பெயர் அது. இந்தக் கிருமி மூளைச் சவ்வைத் தொட்டால் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் இறந்தன.

நியூயோர்க் குழந்தைகள் வைத்தியசாலையில் சேர்ந்த ஹெட்டி, முதலில் கிருமியைச் சரியாக இனங்காண வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். இடுப்புப் பகுதி முள்ளந்தண்டில் ஊசி ஏற்றி எடுக்கப்படும் மூளைய முண்ணாண் பாய்பொருளே அதற்கு வழி. சுகமான ஒருவரில் அது தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். பற்றீரியா தொற்றினால் கலங்கும், வெண்குழியங்கள் பெருகும், குளுக்கோசு குறையும். வைரசு தொற்றில் குளுக்கோசு பெரும்பாலும் குறையாது. ஹெட்டி அந்தப் பாய்பொருளில் குறித்த பிறபொருளெதிரியைச் சேர்த்து, பற்றீரியாவின் உறை வீங்கித் தெரிகிறதா என்று பார்த்தார். வீங்கினால் கிருமி பி வகை என்பது அப்போதே உறுதியாகிவிடும்.

முன்னர் குதிரையிலிருந்து பெற்ற நீர்ப்பாயம் இந்நோய்க்குப் பலன் தரவில்லை. ஹெட்டி முயலிலிருந்து நீர்ப்பாயம் தயாரித்தார். பாய்பொருளில் குளுக்கோசு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து, நோயின் கடுமைக்கேற்ப மருந்தின் அளவைத் தீர்மானித்தார். 1939இல் குழந்தைகள் குணமடைந்ததை அறிவித்தார். பிறகு சல்பா மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தபோது பெரும்பாலான குழந்தைகள் பிழைத்தன.

அவர் அத்துடன் நிற்கவில்லை. ஸ்ரெப்ரோமைசின் கொடுத்தும் சில பற்றீரியாக்கள் சாகாமல் இருந்ததைக் கண்டார். பரம்பரை அலகுகளில் ஏற்படும் விகாரமே அதற்குக் காரணம் என ஆரம்பத்திலேயே விளங்கிக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். 1964இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். 1968இல் புற்றுநோயால் காலமானார்.

பி வகைக் கிருமிக்கான தடுப்பூசி 1980களில்தான் வந்தது. அதைக் காண அவர் உயிருடன் இருக்கவில்லை. இலங்கையில் 2008இல் அறிமுகமான பென்டாவலன்ட் ஊசியில் இந்தக் கிருமிக்கான பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. 2, 4, 6 மாதங்களில் குழந்தைகளுக்குக் கிளினிக்கில் போடும் ஊசி இதுதான்.

ஆனால் மற்றக் கிருமிகளும் இருக்கின்றன. காய்ச்சலோடு பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பியும் எழும்பாமல் சோர்ந்து கிடந்தாலோ, உச்சிக்குழி புடைத்தாலோ, வலிப்பு வந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கைக்குழந்தைகளுக்குக் கழுத்து விறைக்காமலும் இருக்கலாம். முள்ளந்தண்டில் ஊசி என்றதும் கை கால் விளங்காமல் போய்விடும் என்று பல பெற்றோர் பயப்படுகிறார்கள். முண்ணாண் முடிவடையும் இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசி ஏற்றப்படுகிறது. உண்மையில் பிள்ளையின் செவிப்புலனையும் மூளையையும் பாதிப்பது தாமதமாகும் சிகிச்சைதான்.

நோயைத் தந்த அல்லாஹ் அதற்கு மருந்தையும் வைத்திருக்கிறான் என்பது எங்கள் நம்பிக்கை. அந்த மருந்தைத் தேடுவது மனிதரின் பொறுப்பு. ஹெட்டி அதை ஒரு துளிப் பாய்பொருளிலிருந்து தேடத் தொடங்கினார். அந்தத் துளியை எடுக்க டாக்டர் அனுமதி கேட்கும்போது, பெற்றோரே, தயங்காமல் சம்மதியுங்கள்.