நேப்பிள்ஸ் நகரத்து வைத்தியர்

அர்ச்சியசிஷ்டர்கள் என்றதும் நம் மனக்கண் முன் வருகிறவர்கள் வனவாசிகளும், வேதசாட்சிகளும், மடங்களில் வாழ்ந்த கன்னியரும், குருக்களுமே. ஆஸ்பத்திரி வார்டில் நின்று நோயாளியின் நாடியைப் பிடித்தபடி மாணவர்களுக்குப் பாடம் சொன்ன ஒரு பேராசிரியரை நாம் அந்த வரிசையில் எளிதில் நினைப்பதில்லை. அப்படிப்பட்ட ஒருவரின் சரித்திரத்தை இந்த வாரம் தருகிறோம். அவர் பெயர் ஜுசேப்பே மொஸ்காத்தி. நம் வழக்கில் சொன்னால் சூசை.

1880-ம் ஆண்டு ஜூலை 25-ம் நாள் இத்தாலி தேசத்தின் பெனவெந்தோ நகரில், ஒன்பது பிள்ளைகளில் ஏழாவதாகப் பிறந்தார். தகப்பனார் பிரான்சிஸ்கோ நீதிபதி. அவருடைய உத்தியோகத்தின் நிமித்தம் குடும்பம் நேப்பிள்ஸ் நகருக்குக் குடிவந்தது. சட்டம் படித்த வீட்டில் ஒரு பிள்ளை வைத்தியத்துக்குப் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. சூசைக்குச் சுமார் 12 வயதாயிருக்கையில், ராணுவத்தில் இருந்த அவருடைய அண்ணன் அல்பெர்த்தோ குதிரையிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடிபட்டார். அதன்பின் அவருக்கு அடிக்கடி வலிப்பு வந்தது; வீட்டோடு தங்கிவிட்டார். ஆண்டுக்கணக்காக அண்ணனின் படுக்கையருகில் உட்கார்ந்து பணிவிடை செய்த தம்பி, நோயாளி என்றால் யார் என்பதைப் புத்தகம் தொடும் முன்பே கற்றுக்கொண்டான். 1897-ல் அவர் வைத்தியப் படிப்பில் சேர்ந்த சில வாரங்களில் தகப்பனாரும் காலமானார்.

நேப்பிள்ஸ் சர்வகலாசாலையின் வைத்தியப் பிரிவில் அக்காலத்தில் விசுவாசத்தை ஏளனம் செய்வது படித்தவரின் அடையாளமாகக் கருதப்பட்டது. சூசை யாரோடும் வாதாடி நேரத்தைப் போக்கவில்லை. காலையில் பூசை கண்டார், பிறகு படித்தார். 1903-ல் மிகச் சிறந்த தேர்ச்சியுடன் பட்டம் பெற்று, தீராநோயாளர் ஆஸ்பத்திரி என்று பொருள்படும் இங்குராபிலி ஆஸ்பத்திரியில் வேலைக்கு அமர்ந்தார். பதினாறாம் நூற்றாண்டில் மரிய லொரென்சா லோங்கோ என்ற பக்தியுள்ள விதவை ஏழைகளுக்காக நிறுவிய வைத்தியசாலை அது. (அந்த அம்மாளும் 2021-ல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார்.) வேறெங்கும் இடம் கிடைக்காத நோயாளிகள் வந்து சேரும் இடம்.

1906-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் வெசூவியுஸ் எரிமலை வெடித்தது. நெருப்பைவிட அதிக உயிர்ச்சேதம் விளைவித்தது சாம்பல்தான். அது மழைபோல் நாள்கணக்கில் கொட்டி, கூரைகளின்மேல் குவிந்து, பாரம் தாங்காமல் கட்டடங்கள் உள்ளே இடிந்தன. மலையடிவாரத்து ஊர் ஒன்றில் கோவிலுக்குள் அடைக்கலம் புகுந்து ஜெபித்துக்கொண்டிருந்தவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் அவ்வாறே மாண்டார்கள். எரிமலைக்கு அருகிலுள்ள தொர்ரே தெல் கிரேக்கோ என்ற ஊரில் இங்குராபிலியின் கிளை ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அங்கே கிடந்தவர்கள் பெரும்பாலும் முதியவர்கள், பாரிச வாயுவால் நடக்கமாட்டாதவர்கள். ஓடித் தப்பக்கூடியவர் அவர்களில் ஒருவரும் இல்லை.

மொஸ்காத்திக்கு அப்போது 25 வயது. ஊர் மக்கள் நேப்பிள்ஸை நோக்கி ஓடி வருகையில் அவர் எதிர்த் திசையில் போனார். ஆஸ்பத்திரியை உடனே காலி செய்யவேண்டும் என்று சொல்லி, தாமே முன்நின்று நோயாளிகளை ஒவ்வொருவராக வெளியே கொண்டுவரச் செய்தார். கண் தெரியாத தூசியில், மூச்சு முட்டும் காற்றில் அந்த வேலை நடந்தது. கடைசி நோயாளியும் வெளியேறிய சற்று நேரத்தில் கூரை இடிந்து விழுந்தது.

இன்று இப்படிப்பட்ட சமயத்துக்கென்றே பெரிய ஆஸ்பத்திரிகளில் அவசர சிகிச்சைப் பிரிவும், பயிற்சி பெற்ற வைத்தியர்களும், ஆம்புலன்ஸ் வண்டிகளும் இருக்கின்றன. அன்று இருந்தது ஒரு இளைஞனின் தீர்மானம் மட்டுமே. இரண்டொரு நாளில் அவர் மேலதிகாரிக்குக் கடிதம் எழுதினார். தம்மோடு உழைத்த சிப்பந்திகளுக்குச் சன்மானம் தரவேண்டும் என்று கேட்டு, தம் பெயரைக் குறிப்பிடவேண்டாம் என்றும் வேண்டிக்கொண்டார். எனக்கு அவர் சரித்திரத்தில் கூரை விழுந்ததைவிட இந்தக் கடிதமே பெரிதாகப் படுகிறது.

1911-ல் நேப்பிள்ஸில் காலரா பரவியபோது நோயின் மூலத்தை ஆராயும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நகரத்தைச் சுத்திகரிக்க அவர் யோசனைகள் எழுதிக் கொடுத்தார். அதே ஆண்டில் ஆஸ்பத்திரி வைத்தியர் பதவிக்கான கடினமான போட்டித் தேர்விலும் முதன்மையாகத் தேறினார். அந்தோனியோ கார்தரெல்லி என்ற முதுபெரும் வைத்தியர் அந்த இளைஞரின் ஞானத்தைக் கண்டு வியந்தாராம்.

பிறகுதான் சோதனை வந்தது. அது பதவியின் உருவில் வந்தது. இரசாயன ஆராய்ச்சியில் அவர் பெயர் பரவி, சர்வகலாசாலையில் பேராசிரியர் பீடம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை ஏற்றால் ஆராய்ச்சிசாலையும் கௌரவமும் கிடைக்கும். நோயாளிகளின் கட்டில்களை விட்டு விலகவேண்டியிருக்கும். அவர் தம் நண்பர் கயத்தானோ குவாலியரியெல்லோவுக்கு வழிவிட்டு, ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டார். திறமை உள்ளவர் அதை வார்டில் வீணாக்குகிறார் என்று நினைத்தவர்களும் இருந்திருக்கக்கூடும். நம் பிள்ளைகளில் ஒருவன் இப்படிச் செய்தால் நாம் என்ன சொல்லுவோம்?

ஆனால் கற்பிப்பதை அவர் விடவில்லை. 1919-ல் ஆண்கள் வார்டு ஒன்றின் தலைவரானார். காலைதோறும் மாணவர்களும் இளம் வைத்தியர்களும் சூழ, கட்டில் கட்டிலாகப் போவார். முதலாம் உலகப் போரில் காயம்பட்டு வந்த ஏறக்குறைய 3000 சிப்பாய்களை அதே ஆஸ்பத்திரியில் பார்த்த அனுபவம் அவருக்கு இருந்தது. ஆராய்ச்சிசாலைக் கருவிகளில் தேர்ந்தவராயினும், முதலில் கண்ணால் பார்க்கவும், விரலால் தட்டிப்பார்க்கவும், காதால் கேட்கவும் பழக்கினார். நோயாளி பேசி முடிக்குமுன் மருந்து எழுதுகிறவனை அவர் வைத்தியனாக மதிக்கவில்லை. தாயாரை 1914-ல் நீரிழிவு நோய்க்குப் பறிகொடுத்திருந்த அவர், இன்சுலின் மருந்து வந்தவுடன் நேப்பிள்ஸில் அதை முதலில் கையாண்டவர்களில் ஒருவரானார்.

பிணப்பரிசோதனை அறையில் ஒரு பாடுபட்ட சுரூபத்தை மாட்டிவைத்தார். அறுத்துப் பார்க்கப்படும் உடல் ஒரு மனிதனுடையது என்பதை மாணவர்கள் மறவாதிருக்கவேண்டும் என்பது அவர் எண்ணம்.

பிற்பகலில் வீட்டிலேயே நோயாளிகளைப் பார்ப்பார். சகோதரி நீனா வீட்டைக் கவனித்துக்கொண்டார். விவாகம் செய்யாத அவருக்கு அந்தச் சகோதரியே துணை. வெளி அறையில் ஒரு தொப்பி இருக்கும்; முடிந்தவர் பணம் போடலாம், இல்லாதவர் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கும். ஏழைகளின் மருந்துச் சீட்டுக்குள் ரூபாய் நோட்டை மடித்து வைப்பதுபோல், லீரா நோட்டை மடித்து வைத்து அனுப்புவதும் உண்டு.

1927 பிப்ரவரி 13-ம் நாள் நடந்ததையும் சொல்லவேண்டும். லெயோனார்தோ பியாங்கி என்பவர் புகழ்பெற்ற நரம்பு வைத்தியர், மந்திரியாகவும் இருந்தவர், மொஸ்காத்தியின் ஆசிரியர், திருச்சபையை விட்டு வெகுதூரம் போயிருந்தவர். அன்று ஒரு சபையில் சொற்பொழிவை முடித்தவுடன் மயங்கிச் சாய்ந்தார். மொஸ்காத்தி ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டார். வைத்தியத்தால் ஆகவேண்டியது ஏதுமில்லை என்று கண்டதும், குருவானவரை அழைத்துவர ஆளனுப்பி, மரிக்கிறவரின் காதருகே மனஸ்தாப ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். தமக்குப் பாடம் சொன்னவருக்கு அவர் செய்த கடைசி அவசர சிகிச்சை அது.

அதற்குப் பின் ஏறக்குறைய இரண்டு மாதமே அவர் வாழ்ந்தார். ஏப்ரல் 12, பரிசுத்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் பூசை கண்டு, தேவநற்கருணை வாங்கி, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து, வீட்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணி சுமாருக்கு உடம்பு சரியில்லை என்று தம் அறைக்குள் போய் நாற்காலியில் சாய்ந்தார். அப்படியே உயிர் பிரிந்தது. வயது 46.

1975-ல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பட்டமும், 1987 அக்டோபர் 25-ல் இரண்டாம் அருள் சின்னப்பர் அர்ச்சியசிஷ்டர் பட்டமும் அளித்தார்கள். அவருடைய சரீரம் நேப்பிள்ஸில் சேசு சபையாரின் ஜேசு நுவோவோ கோவிலில் இருக்கிறது. அங்கே ஒரு பக்கத்தில் அவர் வீட்டுச் சாமான்களைக்கொண்டு அவருடைய அறையை அப்படியே அமைத்திருக்கிறார்கள். அவர் கடைசியாக உட்கார்ந்த நாற்காலியும் அதில் இருக்கிறது.