கொங்கு மண்ணில் தம்பிரான் தோழர்

பொருளைத் துணையாகக் கொள்ளாமல் இவ்வுலகில் வாழ முடியுமா? ஆலைகளாலும் தறிகளாலும் வளர்ந்த கொங்கு நாட்டில் இக்கேள்வி எழுவது இயல்பே. ஆயினும், இறைவனையே தம் சேமநிதியாகக் கொண்டு இதே மண்ணில் நடந்த ஒருவர் உண்டு. அவரே சுந்தரமூர்த்தி நாயனார்.

திருநாவலூரில் சடையனார்க்கும் இசைஞானியார்க்கும் மகனாகத் தோன்றியவர் சுந்தரர். நரசிங்கமுனையரையர் என்னும் குறுநில மன்னர் அவரை அரண்மனையில் வளர்த்தார். அவருடைய மணநாளன்று முதியவர் ஒருவர் ஓலையுடன் வந்தார். மணமகன் தம் அடிமை என்று வழக்காடி வென்றார். வந்தவர் சிவபெருமான். அன்று அடிமையானவர் பின்னர்த் தோழரானார். அவர் மண்ணில் வாழ்ந்தது 18 ஆண்டுகளே என்பது மரபு. நம்மில் பலரை விட இளையவர்!

சுந்தரர் துறவியல்லர். திருவாரூரில் பரவையாருடன் இல்லறம் நடத்தியவர். வீட்டுக்கு நெல் வேண்டுமா, பொன் வேண்டுமா, தோழரிடமே கேட்பார். குண்டையூரில் கிடைத்த நெல் மலைபோல் திருவாரூர் வீதிகளை நிறைத்தபோது, அவரவர் வாசலில் கிடந்ததை அவரவரே எடுத்துக்கொள்ளச் செய்தார் பரவையார். பெற்றது பூட்டி வைப்பதற்கன்று என்பது அவ்வீட்டின் வழக்கம் போலும்!

இத்தகையவருக்கு நம் கொங்கு நாடு மூன்று பாடங்களை வைத்திருந்தது.

முதற்பாடம் பேரூர். கோவைக்கு மேற்கே நொய்யல் கரையில் உள்ள இவ்வூருக்குச் சுந்தரர் வந்தபோது, பட்டீசுவரர் கோயிலில் இல்லை. உமையம்மையோடு சேற்றில் இறங்கி நாற்று நட்டுக்கொண்டிருந்தார் என்பது ஊர் வழக்கு. தோழருக்குக் கொடுக்கக் கையில் பொருளில்லாமல் ஒளிந்தாராம்! நந்தி காட்டிக்கொடுத்ததாம். ஆனி மாதத்து நாற்று நடவுத் திருவிழா இன்றும் இக்கதையைச் சொல்கிறது. உழவர் குடும்பத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறையைச் சேர்ந்த எனக்கு இக்கதை மிகவும் நெருக்கமானது. இறைவனை நம்புவதென்றால் கைகட்டி அமர்ந்திருப்பதென்று சிலர் எண்ணுகின்றனர். இங்கோ, நம்பப்பட்டவனே முழங்கால் சேற்றில் நிற்கிறான்!

இரண்டாம் பாடம் திருமுருகன்பூண்டி. நண்பர் சேரமான் பெருமாள் அள்ளிக் கொடுத்த பொன்னையும் மணியையும் ஆட்கள் சுமந்துவர, சுந்தரர் அவ்வழியே திரும்பினார். சிவகணங்கள் வேடுவராக வந்து அனைத்தையும் பறித்தன. தம் தோழருக்குத் தாமே கொடுக்க வேண்டும், பிறர் கொடுக்கலாகாது என்பது இறைவன் உள்ளம் என்கிறார் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார். வெறுங்கையுடன் நின்ற சுந்தரர் அழவில்லை. கோயிலுக்குச் சென்று, வழிப்பறி நடக்கும் ஊரில் நீர் ஏன் இருக்கிறீர் என்று இறைவனையே கடிந்து பாடினார். பறிபோனது கோயில் வாசலிலேயே திரும்பக் கிடைத்தது. அரசன் கொடுத்த பொருள் அங்கே ஆண்டவன் கொடுத்த பொருளாயிற்று.

மூன்றாம் பாடம் அவிநாசி. பின்னொருநாள் சேரமானைக் காணச் செல்லும் வழியில், ஒரு வீட்டில் பூணூல் கலியாண ஒலியும் எதிர்வீட்டில் அழுகுரலும் கேட்டார். ஒன்றாகக் குளத்தில் நீராடிய இரு சிறுவரில் ஒருவனைச் சில ஆண்டுகளுக்கு முன் முதலை விழுங்கியிருந்தது. பிழைத்தவனுக்குத்தான் அன்று பூணூல். மகனை இழந்த பெற்றோரோ, தம் துயரை மறந்து சுந்தரரை வணங்கி வரவேற்றனர். அவர் உருகிப் பாடினார். முதலை கரைக்கு வந்து, இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு சிறுவனைத் தந்தது என்பது புராணம். அறிவியல் மாணவனாகிய நான் இதை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் செல்லவில்லை. நெல்லும் பொன்னும் கேட்டுப் பழகிய நா, அன்று அயலார் வீட்டுப் பிள்ளையின் உயிரைக் கேட்டது. அதுவே எனக்கு அற்புதம்!

ஆடிச் சுவாதி நாளில், திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளை யானை மீதேறிக் கயிலை சென்றார் சுந்தரர் என்பர். சேரன் தந்த பொன் எங்கே போயிற்றோ! அவர் பாடிய 100 பதிகங்கள் ஏழாம் திருமுறையாக இன்றும் நம்மிடம் உள்ளன.

மாணவ நண்பர்களே! உழைப்போம், ஊதியமும் பெறுவோம். ஆனால், பெற்ற பொருளே நம்மைக் காக்கும் என்று மட்டும் நம்ப வேண்டாம். அது பூண்டி வழியில் ஒரு நாள் பறிபோகலாம். பறிபோன பின்னும் உரிமையோடு அழைக்க ஒரு தோழன் வேண்டும். எதிர்வீட்டு அழுகுரல் கேட்டால் நின்று விசாரிக்கும் நெஞ்சமும் வேண்டும்.