அப்பாவின் பழைய காரும் பாஸ்கலும்

எங்கள் வீட்டுக் கார் என்னைவிட ஒரு வயது மூத்தது. ஆட்டோ கியர் வண்டி. சென்ற ஆண்டு அதற்கு ஒரு கோளாறு வந்தது. காலையில் ஒழுங்காக ஓடும். அரை மணி நேரம் ஓடியபின், இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும் இடத்தில் இஞ்சின் மட்டும் உறுமும்; வண்டி வேகமெடுக்காது. நிறுத்திச் சற்று நேரம் ஓய்வு கொடுத்தால் பழையபடி ஓடும்.

முதலில் போன பட்டறையில், ஓட்டிக்கூடப் பார்க்காமல், கியர்பெட்டியையே மாற்ற வேண்டும் என்றார்கள். கேட்ட தொகை அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். காரை விற்றுவிடலாமா என்று அப்பா யோசித்தார். அது போனால் அவர் வேலைக்குப் போவதும் நான் கல்லூரிக்குப் போவதும் சிரமம்.

அடுத்து ஒரு பெரியவரின் பட்டறைக்குப் போனோம். அவர் இஞ்சினை ஓடவிட்டு, கியர் எண்ணெயின் அளவுக் குச்சியை உருவிப் பார்த்தார். அளவு சரி. நிறம் கறுத்திருந்தது, ஆனால் கருகிய வாடை இல்லை. பிறகு கியர்பெட்டியில் இருந்த ஒரு சிறு துளையில் அழுத்தமானியைப் பொருத்தினார். தொடக்கத்தில் முள் நன்றாக நின்றது. அரை மணி நேரம் ஓட்டியபின் பார்த்தால், எல்லாக் கியரிலும் கீழே இறங்கியிருந்தது. மறுநாள் பிரித்துப் பார்ப்பதாகச் சொல்லி வண்டியை வைத்துக்கொண்டார்.

அந்த மானியில் கிலோபாஸ்கல் என்று எழுதியிருந்தது. ஐந்தாம் படிவ இயற்பியலில் தேர்வுக்காக நான் மனப்பாடம் செய்த பெயர். அன்றிரவு தூக்கம் வரவில்லை. பாஸ்கல் யார் என்று தேடிப் படித்தேன்.

பிளேஸ் பாஸ்கல் 1623ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் பிரான்ஸின் கிளெர்மோன் நகரில் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்தார். தந்தையே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். மொழிகள் முதலில், கணிதம் பிறகு என்பது அவர் முடிவு. ஆனால், முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் இரண்டு செங்கோணங்களுக்குச் சமம் என்பதைப் பாஸ்கல் 12 வயதில் தாமாகவே கண்டுகொண்டார் என்று அவருடைய அக்காள் எழுதி வைத்திருக்கிறார். அதன்பின் தந்தையின் தடை நீங்கியது.

தந்தை ரூவான் நகரில் வரி அதிகாரியாகி, ஓயாமல் கணக்குப் போட்டுக் களைத்தார். அவருக்கு உதவ 1642இல் ஒரு கணக்கு இயந்திரத்தைச் செய்யத் தொடங்கினார் பாஸ்கல். ஒரு பற்சக்கரம் ஒன்பதைத் தாண்டினால் அடுத்த சக்கரம் ஒரு படி நகரும். அது சரியாக அமைவதற்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் செய்து பார்த்தார்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது 1648ஆம் ஆண்டுச் சோதனை. கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஓர் உயரத்தில் நிற்பது ஏன் என்று அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். வெளிக்காற்றின் அழுத்தமே காரணம் என்று பாஸ்கல் கருதினார். அப்படியானால் மலையுச்சியில் பாதரசம் இறங்க வேண்டும். உடல்நலம் குன்றியிருந்ததால், கிளெர்மோனில் இருந்த அக்காள் கணவர் பெரியேரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். செப்டம்பர் 19ஆம் நாள் பெரியேர் பூய் தெ தோம் மலையில் ஏறினார். ஒரு குழாயை அடிவாரத்திலேயே வைத்து, நாள் முழுவதும் கவனிக்க ஒரு துறவியை அமர்த்தினார். உச்சியில் பாதரசம் எட்டு சென்டிமீட்டருக்கும் மேல் இறங்கியது. வெவ்வேறு இடங்களில் ஐந்து முறை அளந்தும் அதே முடிவுதான். அடிவாரக் குழாயிலோ மாற்றமே இல்லை. வாதத்தை அளவு வென்றது.

அடுத்து அவர் திரவங்களை ஆராய்ந்தார். மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும். ஒரு வாய் மற்றதைவிட நூறு மடங்கு பெரியதாக இருந்தால், சிறிய வாயில் ஒருவர் தரும் விசை பெரிய வாயில் நூறு பேரின் விசைக்கு ஈடாகும். இந்த ஆய்வு அவர் மறைந்தபின் 1663இல்தான் அச்சானது. காரின் பிரேக்கும் ஆட்டோ கியர்பெட்டியும் இந்த விதியால்தான் இயங்குகின்றன. பம்பு தரும் அழுத்தத்தை எண்ணெய் சுமந்து சென்று கிளட்ச் தட்டுகளை இறுக்குகிறது. அழுத்தம் குறைந்தால் தட்டுகள் வழுக்கும்.

1654இல் ஃபெர்மாவுடன் கடிதம் வழி நிகழ்தகவுக் கணிதத்துக்கு அடித்தளமிட்டார். அதே ஆண்டு நவம்பரில் ஏற்பட்ட ஆன்மிக அனுபவம் அவர் வாழ்வைச் சமயத்தின் பக்கம் திருப்பியது. 1662 மார்ச்சில், குறித்த பாதையில் குறித்த நேரத்தில் ஓடும் பொதுக் குதிரை வண்டிச் சேவை பாரிஸில் தொடங்கியது. அதுவும் அவருடைய யோசனைதான். அந்த ஆண்டே ஆகஸ்ட் 19ஆம் நாள், 39 வயதில் காலமானார். 1971இல் அழுத்தத்தின் அலகுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

மறுநாள் பட்டறையில் பெரியவர் விளக்கினார். ஒரு கியரில் மட்டும் அழுத்தம் குறைந்தால் கோளாறு அந்தக் கியரின் வழியில் இருக்கும்; எல்லாவற்றிலும் குறைந்தால் எண்ணெய் புறப்படும் இடத்திலேயே தேட வேண்டும். அடித்தட்டைக் கழற்றினார். காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறத் தூள்தான் இருந்தது. உலோகத் துண்டுகள் இல்லை. வடிகட்டி அழுக்கால் அடைபட்டிருந்தது. வடிகட்டியையும் எண்ணெயையும் மட்டும் மாற்றினார். அதே துளை, அதே மானி, அதே அரை மணி நேர ஓட்டம். இம்முறை முள் இறங்கவில்லை. தட்டுகள் கருகியிருந்தால் இவ்வளவு எளிதில் முடிந்திருக்காது என்றும் சொன்னார்.

செலவு, முதல் பட்டறை கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்பா இப்போதும் அதே காரில்தான் வேலைக்குப் போகிறார்.

நண்பர்களே, கோளாறு காரில் இருந்தாலும் கணக்கில் இருந்தாலும் ஊகித்து முடிவு கட்டாதீர்கள். அளந்து பாருங்கள். ஒன்றை மட்டும் மாற்றி, மீண்டும் அளந்து ஒப்பிடுங்கள். பாஸ்கல் மலையில் செய்ததும் அந்தப் பெரியவர் பட்டறையில் செய்ததும் அதுதான்.