டூசான் லூவெர்த்தூர்: அடிமைச் சட்டத்திலிருந்து அரசியல் சட்டம் வரை

1803 ஏப்ரல் 7 அன்று, பிரான்சின் ஜூரா மலைத்தொடரில் உள்ள ஜூ கோட்டையின் குளிர்ந்த சிறையறையில் ஒரு கறுப்பினத் தளபதி இறந்து கிடந்தார். அவர்மீது வழக்கு இல்லை, விசாரணை இல்லை, தீர்ப்பும் இல்லை. அடுத்த ஒன்பது மாதங்களுக்குள் அவருடைய மக்கள் உலகின் முதல் கறுப்பினக் குடியரசை அறிவித்தனர். ஹைத்தியின் விடுதலைக்கு வழி திறந்த டூசான் லூவெர்த்தூரின் வாழ்வை, சட்டத்தைக் கருவியாகக் கொண்டு போராடும் நாம் மீண்டும் வாசிக்க வேண்டியிருக்கிறது.

கரீபியக் கடலில் பிரான்சின் குடியேற்றமாக இருந்த சான் டொமிங்கில், பிரெடா தோட்டத்தில் 1743 வாக்கில் அடிமையாகப் பிறந்தவர் டூசான். கால்நடைகளைப் பேணினார், வண்டி ஓட்டினார், எழுதப் படிக்கக் கற்றார். 1776 வாக்கில் அவர் விடுதலை பெற்றுவிட்டார். அதன்பின் ஒரு காப்பித் தோட்டத்தை அதன் அடிமைகளோடு சேர்த்துக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஒடுக்குமுறை அமைப்பு, தன்னிடமிருந்து தப்பியவரையும் தன் பங்காளியாக்கப் பார்க்கும்.

அந்த அமைப்பின் அளவு என்ன? 1789இல் அங்கே சுமார் 5 லட்சம் அடிமைகள் இருந்தனர். வெள்ளையர் 30,000 பேருக்குச் சற்று மேல். விடுதலை பெற்ற கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் ஏறத்தாழ அதே அளவு. ஐரோப்பாவின் சர்க்கரையிலும் காப்பியிலும் பெரும்பங்கு இங்கிருந்தே சென்றது. கரும்புத் தோட்டங்களில் பிறப்பைவிட இறப்பே அதிகம். அந்த இழப்பை ஈடுகட்ட ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக மனிதர்கள் கொண்டுவரப்பட்டனர்.

சட்டம் இல்லாமல் இக்கொடுமை நடக்கவில்லை. 1685இல் பதினான்காம் லூயி மன்னன் பிறப்பித்த கறுப்பர் சட்டத்தொகுப்பு, தப்பியோடும் அடிமையின் காதுகளை அறுக்கவும், தோளில் சூடு வைக்கவும், மூன்றாம் முறை கொல்லவும் வகைசெய்தது. உணவும் உடையும் தரவேண்டும், சித்திரவதை கூடாது என்றும் அதே தொகுப்பு கூறியது. முதல் பகுதி தவறாமல் நடைமுறையானது. இரண்டாம் பகுதி ஏட்டில் உறங்கியது. 1788இல் லெஜூன் என்ற காப்பித் தோட்ட முதலாளி இரண்டு அடிமைப் பெண்களின் கால்களைத் தீயால் பொசுக்கினான். அவனுடைய அடிமைகள் பதினான்கு பேர் துணிந்து நீதி அமைப்பிடம் முறையிட்டனர். விசாரணைக்குச் சென்ற அதிகாரிகள் அப்பெண்களைச் சங்கிலியில், வெந்த கால்களோடு கண்டனர். இருவரும் பின்னர் இறந்தனர். தோட்ட முதலாளிகள் திரண்டு நின்றனர், நீதிமன்றம் லெஜூனை விடுவித்தது. வன்கொடுமை வழக்குகளில் சாட்சிகளின் பக்கம் நின்று பழகிய நமக்கு இக்காட்சி அந்நியமானதன்று. மூன்றாண்டுகளில் அத்தீவு பற்றி எரிந்ததன் காரணங்களுள் இத்தீர்ப்பைப் போன்றவையும் உண்டு.

1789இன் பிரெஞ்சுப் புரட்சி மனித உரிமைகளை அறிவித்தபோது, தீவின் ஒவ்வோர் அடுக்கும் அதைத் தனக்கென மட்டும் வாசித்தது. வெள்ளை முதலாளிகள் தன்னாட்சி கேட்டனர். கலப்பினத் தலைவர் வின்சென்ட் ஓஜே தம் அடுக்குக்கு அரசியல் உரிமை கேட்டுக் கிளர்ந்தார், அடிமை ஒழிப்பைக் கேட்கவில்லை. 1791 பிப்ரவரியில் அவரைச் சக்கரத்தில் கட்டி எலும்புகளை முறித்துக் கொன்றனர். அண்ணல் அம்பேத்கர் நமக்கு விளக்கிய படிநிலைச் சமத்துவமின்மை, தனக்குக் கீழே ஒருவர் இருக்கும்வரை ஒவ்வோர் அடுக்கையும் அமைப்போடு பிணைத்து வைக்கிறது. அடித்தட்டு எழும்போதுதான் அமைப்பு முழுவதும் ஆடுகிறது. 1791 ஆகஸ்டில் வடக்குச் சமவெளியின் அடிமைகள் எழுந்தனர்.

டூசான் சில வாரங்கள் கழித்தே அவர்களோடு சேர்ந்தார். அவ்வாண்டின் இறுதியில், தலைவர்கள் சிலருக்கு விடுதலை தந்தால் மற்றவர்களைத் தோட்டங்களுக்குத் திருப்பி அனுப்புவதாகக் கிளர்ச்சித் தலைமை பேரம் பேசியது. அப்பேச்சில் டூசானுக்கும் பங்குண்டு. முதலாளிகளின் ஆணவம் அதையும் நிராகரித்தது. அதன்பின் அனைவருக்குமான விடுதலையே அவர் பாதையாயிற்று. முதலில் ஸ்பெயினின் படையில் நின்று போரிட்டார். 1794 பிப்ரவரியில் பாரிஸ் அடிமைமுறையை ஒழித்ததையடுத்து பிரெஞ்சுக் குடியரசின் பக்கம் வந்தார். 1798இல் பிரிட்டிஷ் படையை வெளியேற்றினார்.

1801இல் அவர் பிறப்பித்த அரசியல் சட்டம் அடிமைமுறையை என்றென்றைக்கும் ஒழித்தது. அதே சட்டம் அவரை வாழ்நாள் ஆளுநராக்கியது. போரில் சிதைந்த பொருளாதாரத்தை நிமிர்த்த, விடுதலை பெற்ற உழைப்பாளர்களைப் படைபலத்தால் தோட்டங்களோடு கட்டினார். சொந்த நிலம் கேட்ட மக்களுக்கு அது பழைய நுகத்தடியாகவே தோன்றியது. 1801 இறுதியில் வடக்கில் கலகம் வெடித்தது. அதற்குப் பொறுப்பாக்கித் தம் வளர்ப்பு மருமகனும் தளபதியுமான மொய்ஸைச் சுட்டுக்கொல்ல வைத்தார். மக்கள் விலகத் தொடங்கிய அந்த வேளையில்தான் நெப்போலியனின் பெரும்படை லெக்ளேர் தலைமையில் வந்திறங்கியது.

1802 ஜூனில், பேச்சுவார்த்தைக்கென அழைக்கப்பட்டுச் சூழ்ச்சியால் கைதானார் டூசான். ஆனால் குவாதலூப் தீவில் அடிமைமுறை திரும்பிவிட்ட செய்தி பரவியதும் மக்கள் மறுபடி எழுந்தனர். மஞ்சள் காய்ச்சல் பிரெஞ்சுப் படையை அரித்தது. 1804 ஜனவரி 1 அன்று தெசாலின் ஹைத்தியின் விடுதலையை அறிவித்தார். 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை நிறுத்தி, அடிமைகளை இழந்த முதலாளிகளுக்காக 15 கோடி பிராங்க் இழப்பீடு கேட்டது. பின்னர் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டாலும், அதற்காக வாங்கிய கடன்கள் தலைமுறைகளை நசுக்கின. ஒடுக்கியவனுக்கே இழப்பீடு, ஒடுக்கப்பட்டவன் தலையில் கடன்!

அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்கு 1873இல் தம் குலாம்கிரி நூலைக் காணிக்கையாக்கினார் ஜோதிராவ் புலே. சாதியையும் அடிமைமுறையையும் ஒருங்கே பார்க்கும் அந்தப் பார்வையில் டூசானும் நம் முன்னோடியே. சட்டத்தை எழுதியதோடு விடுதலை முடிந்துவிடுவதில்லை என்பதற்கு அவருடைய வெற்றியும் சான்று, அவருடைய தவறும் சான்று. நிலம் யாருடையது, உழைப்பின் பயன் யாருக்கு என்ற கேள்விகளுக்கு விடை காணாத அரசியல் சட்டம், அதைக் காக்க வேண்டிய மக்களையே இழந்துவிடும். நம் மாணவர்கள் அவர் சிலைக்கு முன் நிற்க வாய்ப்பில்லாமல் போகலாம். இக்கேள்விகளை அவர்கள் கைவிடாதிருந்தால் போதும்.