கேம் கேசட்டுக்குப் பின்னால் ஒரு பொறியாளர்: யார் இந்த ஜெர்ரி லாசன்?

டிவி கேம் ஆடியிருக்கிறீர்களா? கேசட்டை வெளியே எடுத்து, வாயால் நன்றாக ஊதி, மறுபடி சொருகினால் கேம் ஓட ஆரம்பிக்கும். அது போரடித்தால் வேறு கேசட். 90களில் வளர்ந்தவர்களுக்கு இது ரொம்பப் பழக்கமான விஷயம். ஆனால், கேசட்டை மாற்றினால் கேம் மாறும் என்பதே ஒரு காலத்தில் பெரிய புதுமை. அதை முதன்முதலில் கடைக்குக் கொண்டுவந்த குழுவை வழிநடத்தியவர் ஜெர்ரி லாசன் என்ற கறுப்பின அமெரிக்கப் பொறியாளர்.

2020 ஆகஸ்டில் வீடியோ கேம் வரலாற்றைச் சொல்லும் ‘ஹை ஸ்கோர்’ என்ற ஆவணத் தொடர் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. அதன் முதல் எபிசோடில் லாசனின் பிள்ளைகள் இருவரும் அப்பாவைப் பற்றிப் பேசினார்கள். பார்த்தவர்களில் பலர் கேட்ட கேள்வி, இவரை ஏன் இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை என்பதுதான். கேசட்டைக் கண்டுபிடித்ததே இவர்தான் என்று கொண்டாடியவர்களும் உண்டு. அது முழு உண்மையா? அதற்கு அவர் கதையை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

டிவி ரிப்பேர் செய்த பையன்

1940 டிசம்பர் 1-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார் லாசன். வளர்ந்தது குவீன்ஸ் பகுதியில். அப்பா துறைமுகத் தொழிலாளி, ஆனால் அறிவியல் புத்தகங்கள் என்றால் உயிர். மகனுக்கு நல்ல பள்ளி அமைய வேண்டும் என்பதில் அம்மா அவ்வளவு பிடிவாதமாக இருந்தார். பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கே தலைவராகிவிட்டார். முதல் வகுப்பு ஆசிரியை, கறுப்பின விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரின் படத்தைக் காட்டி, நீயும் இவரைப் போல வரலாம் என்று ஊக்கப்படுத்தினாராம். லாசன் அதைக் கடைசி வரை மறக்கவில்லை.

பதின்ம வயதிலேயே ஹாம் ரேடியோ உரிமம் வாங்கி, வீட்டிலேயே ஒலிபரப்புக் கருவி அமைத்தார். அக்கம்பக்கத்து டிவிகளை ரிப்பேர் செய்து கைச்செலவுக்குச் சம்பாதித்தார். கல்லூரிக்குப் போனார், ஆனால் பட்டம் வாங்கவில்லை. தொழிலை வேலையில் இருந்தபடியே கற்றுக்கொண்டார்.

கராஜில் உருவான கேம்

1970-ல் கலிஃபோர்னியாவின் ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் நிறுவனத்தில் சேர்ந்தார். சிலிக்கான் வேலிக்கு அடித்தளம் போட்ட நிறுவனங்களில் அது முக்கியமானது. தங்கள் சிப்களை எப்படிப் பயன்படுத்தலாம் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது லாசனின் வேலை.

வேலை நேரம் போக, தன் வீட்டு கராஜில் ‘டெமாலிஷன் டெர்பி’ என்ற காசு போட்டு ஆடும் கேமை உருவாக்கினார். அதற்குள் இருந்தது ஃபேர்சைல்டின் புதிய எஃப்8 மைக்ரோபிராசஸர். விஷயம் ஆபீசுக்குத் தெரிந்தது. திட்டு விழும் என்றுதானே நினைப்போம்? இல்லை. அதையே எங்களுக்காகச் செய்யுங்கள் என்று வீடியோ கேம் பிரிவின் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள்.

இதே காலத்தில் ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப் கூட்டங்களுக்கும் போய்வந்தார். ஆப்பிள் நிறுவனர்கள் புழங்கிய இடம் அது. அங்கிருந்த கறுப்பின உறுப்பினர்கள் மொத்தமே இரண்டு பேர், அதில் ஒருவர் லாசன். ஆப்பிளைத் தொடங்கும் முன் ஸ்டீவ் வாஸ்னியாக்கை வேலைக்காக இன்டர்வியூ செய்து, வேண்டாம் என்று அனுப்பியதாகவும் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

கேட்ரிட்ஜில் அப்படி என்ன சிறப்பு?

நாம் கேசட் என்று சொல்வதன் சரியான பெயர் கேட்ரிட்ஜ். அதற்கு முன்பு வீட்டு வீடியோ கேம் என்றால், வாங்கும்போது பெட்டிக்குள் என்ன இருக்கிறதோ அதுதான். 1975-ல் வந்த வீட்டு ‘பாங்’ கருவியில் பாங் மட்டுமே ஆடலாம். சலித்துவிட்டால் பரணில் போட வேண்டியதுதான்.

ஃபேர்சைல்டின் கருவி இதை மாற்றியது. பெட்டிக்குள் மைக்ரோபிராசஸர் இருக்கும். கேமுக்கான நிரல், தனியாக விற்கப்படும் கேட்ரிட்ஜுக்குள் ஒரு மெமரி சிப்பில் இருக்கும். புது கேம் வேண்டுமா? கேட்ரிட்ஜ் மட்டும் வாங்கினால் போதும். கன்சோலை ஒருமுறை விற்றுவிட்டு, கேம்களைத் தொடர்ந்து விற்கும் வியாபாரம் இதன் மேல்தான் வளர்ந்தது.

கேட்க எளிதாக இருக்கிறது, செய்வது எளிதாக இல்லை. வீட்டில் குழந்தைகள் ஒரு சிப்பைத் திரும்பத் திரும்பச் சொருகி எடுத்தால் என்ன ஆகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. இணைப்பு முனைகள் தேயலாம். கையிலுள்ள நிலைமின்சாரம் சிப்பைக் கெடுக்கலாம். போதாக்குறைக்கு, கருவியிலிருந்து வரும் ரேடியோ அலைகள் டிவி சேனல்களைப் பாதிக்கக் கூடாது என்பதில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் மிகக் கறாராக இருந்தது. லாசனின் குழு இவற்றை ஒவ்வொன்றாகத் தீர்த்தது.

1976 நவம்பரில் கருவி விற்பனைக்கு வந்தது. விலை 169.95 டாலர். பின்னாளில் அதற்கு ‘சேனல் எஃப்’ என்று பெயர் வைத்தார்கள். ஆட்டத்தை நடுவில் நிறுத்திவைக்கும் பட்டனும் அதில் இருந்தது. ஆமாம், இன்று நாம் சர்வசாதாரணமாக அழுத்தும் பாஸ் பட்டன்தான்.

அப்போ, கண்டுபிடித்தது இவரா?

இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. மாற்றக்கூடிய கேட்ரிட்ஜ் என்ற யோசனைக்கு முதல் மாதிரி செய்தவர்கள் ஆல்பெக்ஸ் என்ற சிறிய நிறுவனத்தின் பொறியாளர்கள் வாலஸ் கிர்ஷ்னரும் லாரன்ஸ் ஹாஸ்கெலும். அவர்கள் பயன்படுத்தியது இன்டெல் சிப். அந்த மாதிரியை ஃபேர்சைல்ட் சார்பில் ஆராய்ந்தவர்களில் லாசன் முக்கியமானவர். நிறுவனம் உரிமம் வாங்கியதும், அவர் தலைமையில் எஃப்8 சிப்புக்கு ஏற்றபடி வடிவமைப்பு மாற்றப்பட்டது. வெளித்தோற்றத்தை நிக் டேல்ஸ்ஃபோரும் இயந்திர அமைப்பை ரான் ஸ்மித்தும் பார்த்துக்கொண்டார்கள்.

ஆக, ஒரே ஆள் தனியாகக் கண்டுபிடித்தார் என்பது சரியல்ல. அதனால் லாசனின் பங்கு குறைந்துவிடுமா? நிச்சயமாக இல்லை. ஆய்வகத்தில் ஓடும் ஒரு மாதிரியைச் சாதாரண வீட்டின் டிவியில் பத்திரமாக ஓடும் பொருளாக மாற்றுவது தனி வேலை. நீங்கள் எந்தத் துறையில் இருந்தாலும், டெமோவுக்கும் வாடிக்கையாளர் கைக்குப் போகும் பொருளுக்கும் நடுவே எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்று தெரிந்திருக்கும். லாசன் செய்தது அதைத்தான், அதுவும் உலகில் யாரும் அதுவரை செய்திராத ஒன்றில்.

பிறகு பெயர் ஏன் மறைந்தது?

முதல் காரணம் எளிமையானது: சேனல் எஃப் ஜெயிக்கவில்லை. 1977-ல் அதே கேட்ரிட்ஜ் முறையில் அட்டாரி தன் கன்சோலை இறக்கியது. ஆர்கேட் கடைகளில் மக்கள் வரிசையில் நின்று ஆடிய கேம்கள் அதில் வீட்டுக்கே வந்தன. ஃபேர்சைல்ட் 1979-ல் இந்தத் தொழிலை விற்றுவிட்டு ஒதுங்கியது. ஜெயித்தவரின் கதையே வரலாறாக நின்றது.

இரண்டாவது காரணம், அவரது நிறம். அவரோடு போனில் மட்டும் பேசிப் பழகியவர்கள், நேரில் ஆறரை அடி உயரக் கறுப்பினத்தவரைப் பார்த்து அதிர்ந்துபோனதை லாசனே சொல்லியிருக்கிறார். பொறியாளர் என்றால் இப்படித்தான் இருப்பார் என்று மனதில் ஒரு படம் இருந்தது, அதில் அவர் இல்லை.

1980-ல் வெளியேறி, வீடியோசாஃப்ட் என்ற சொந்த நிறுவனம் தொடங்கினார். அட்டாரி கன்சோலுக்கு மென்பொருள் செய்தார்கள். டிவியின் வண்ணத்தைச் சரிசெய்ய உதவும் கேட்ரிட்ஜும் அதில் ஒன்று. டிவி ரிப்பேர் பையன் மாறவே இல்லை போல! 1983-ல் அமெரிக்க வீடியோ கேம் சந்தையே சரிந்தது. சில ஆண்டுகளில் நிறுவனமும் மூடப்பட்டது.

தாமதமாக வந்த மரியாதை

கடைசிக் காலத்தில் சர்க்கரை நோய் அவரை வாட்டியது. ஒரு காலையும் ஒரு கண்ணின் பார்வையையும் இழந்தார். 2011 மார்ச்சில் சர்வதேச கேம் டெவலப்பர்கள் சங்கம் அவரை முன்னோடி என்று கௌரவித்தது. அடுத்த மாதம், ஏப்ரல் 9-ல், தன் 70-வது வயதில் காலமானார்.

மற்றதெல்லாம் அதற்குப் பிறகு நடந்தவை. ஆவணத் தொடர் 2020-ல் வந்தது. கேம் துறைக்கு வரும் கறுப்பின, பழங்குடி மாணவர்களுக்கு உதவ, தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அவர் பெயரில் 2021-ல் நிதி தொடங்கப்பட்டது. 2022-ல் அவரது பிறந்தநாளன்று கூகுள் முகப்பில், ஆடிப் பார்க்கும்படியான கேம் டூடுல் வந்தது.

பொய்யாக ஒரு பட்டம் சூட்டி அவரைக் கொண்டாடத் தேவையில்லை. அவர் உண்மையில் செய்ததை, கூடச் செய்தவர்களின் பெயரோடு சேர்த்துச் சொன்னாலே போதும். அடுத்தமுறை கேமுக்கு நடுவில் பாஸ் பட்டனை அழுத்தும்போது, பக்கத்தில் இருப்பவரிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.