கடலைக் கலக்கிய பெண்!

குட்டீஸ், மசினகுடியிலிருந்து ஊட்டிக்குப் போயிருக்கிறீர்களா? கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஊட்டிப் பக்கம் போனால் தேயிலைத் தோட்டங்கள் தெரியும். நீலகிரியில் தேயிலை பயிரிட்டுப் பார்த்ததே 1830களில்தான். அதற்கு முன் ஆங்கிலேயர் குடித்த டீ, சீனாவின் குவாங்சு துறைமுகத்திலிருந்து கப்பலில் போனது. அந்தக் கடலை நடுங்க வைத்தவர்தான் செங் யீ சாவ்.

இது அவரது சொந்தப் பெயர் அல்ல. செங் யீயின் மனைவி என்று அர்த்தம்! 1775ல் பிறந்தவர், 1801ல் கடற்கொள்ளைத் தலைவர் செங் யீயைக் கல்யாணம் செய்துகொண்டார். 1807ல் கணவர் இறந்ததும், அவரது உறவினர்களைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு தலைமையைப் பிடித்தார். அப்போது வயது 32! மீனவர் மகனான சாங் பாவை, செங்கொடிக் கப்பல்களுக்குத் தளபதி ஆக்கினார்.

அந்தக் கூட்டத்தில் சட்டம் ரொம்பக் கடுமை. கொள்ளையடித்த பொருளைக் கணக்கில் எழுத வேண்டும். பத்தில் இரண்டு பங்குதான் கொண்டு வந்தவருக்கு; எட்டுப் பங்கு பொதுக் கிடங்குக்கு. பொதுக் கிடங்கிலிருந்து திருடினால் தலை போய்விடும்!

கொள்ளை கொள்ளைதானே? கரையோரக் கிராமத்து ஏழைகளும் இவர்களால் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1809ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் 'மார்க்விஸ் ஆஃப் எலி' கப்பல் அதிகாரி கிளாஸ்பூலும் மாட்டிக்கொண்டார். (கப்பல் பெயரைப் படித்துச் சிரிக்காதீர்கள்!) பணம், துணி, வெடிமருந்து, ஒரு தொலைநோக்கி எல்லாம் கொடுத்துத்தான் அவரை மீட்டார்கள்.

கடைசியில் அரசு மன்னிப்பு தருவதாகச் சொன்னது. 1810 பிப்ரவரியில் நடந்த பேச்சு முறிந்துபோனது. கவர்னர் ஜெனரல் பை லிங்கை நம்பலாமா? போனால் பிடித்துக்கொண்டால்? ஏப்ரலில் செங் யீ சாவ் என்ன செய்தார் தெரியுமா? பெண்களும் குழந்தைகளுமாக 17 பேரை அழைத்துக்கொண்டு, ஆயுதமே இல்லாமல் நேராக பை லிங் முன்னால் போய் நின்றார்!

பேச்சு முடிந்தது. 17,318 பேர் சரணடைந்தார்கள். 226 கப்பல்களும் 1,315 பீரங்கிகளும் அரசிடம் வந்தன. சிலருக்கு மரண தண்டனை, சிலர் நாடு கடத்தப்பட்டார்கள், பெரும்பாலோர் பிழைத்தார்கள். சாங் பாவ் கடற்படை அதிகாரியே ஆகிவிட்டார்! அவரை மணந்துகொண்டு கரையில் குடியேறிய செங் யீ சாவ், பிறகு சூதாட்ட விடுதி நடத்தினார். 1844ல், 69 வயதில் இறந்தார்.