ஜினகாஞ்சியில் மண்டபம் எடுத்த இருகப்ப தண்டநாயகர்

வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆர்க்காடு எனப் பாலாற்றின் போக்கிலேயே கிழக்கு நோக்கிச் செல்பவர் காஞ்சி மாநகரை அடைவர். வழிநெடுகிலும் அருகப் பெருமானின் அடிச்சுவடுகள் உள்ளன. மேல்பாடியை அடுத்த வள்ளிமலையில் கங்க மன்னன் இராசமல்லன் காலத்துச் சமணக் குகையும், பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் திருவுருவங்களும் இருக்கின்றன. அதே மலை முருகனடியார்க்கு வள்ளி பிறந்த மலை. கிருத்திகைதோறும் அவர்கள் படியேறுகின்றனர். ஆர்க்காட்டுக்கு அருகிலுள்ள பஞ்சபாண்டவர் மலையில் பல்லவர் காலத்து இயக்கியின் உருவம் பாறையில் விளங்குகிறது. இசுலாமியரும் அம்மலையைப் புனிதமாகப் போற்றுகின்றனர். ஒரே கல்லைப் பல நெறியினர் வணங்குவது தொண்டை நாட்டுக்குப் புதிதன்று. அவ்வழக்கத்தின் தலைநகரம் காஞ்சி.

சைவர்க்கு அது ஏகம்பம், மண் இலிங்கத் தலம். சாக்தர்க்குக் காமகோட்டம். வைணவர்க்கு அத்திகிரி. மணிமேகலை அறவண அடிகளிடம் அறம் கேட்டுத் தவம் பூண்டதும் இந்நகரில்தான் என்பது பௌத்தர் போற்றும் காப்பியச் செய்தி. ஏழாம் நூற்றாண்டில் இங்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளையும், எண்பது அளவிலான தேவாலயங்களையும், திரளான நிர்க்கிரந்தரையும் கண்டதாக எழுதி வைத்தார். நிர்க்கிரந்தர் என்று அவர் குறித்தது நம் முனிவர்களையே. அவர்களுடைய உறைவிடம் வேகவதி ஆற்றங்கரையிலுள்ள திருப்பருத்திக்குன்றம். சமணர் நாவில் ஜினகாஞ்சி. பல்லவ மன்னன் சிம்மவர்மன் பருத்திக்குன்றத்து வச்சிரநந்தி முனிவர்க்கு ஊரொன்றைத் தானமாக அளித்ததைப் பள்ளன்கோயில் செப்பேடு கூறுகிறது. முதற் குலோத்துங்கன், விக்கிரமன் முதலிய சோழர் காலத்துச் சாசனங்களும் இக்கோயிலில் உண்டு.

இத்தலத்தின் வரலாற்றில் அரசர் பலர் வருகின்றனர். எனினும் இன்று திரைலோக்கியநாதர் ஆலயத்தில் நுழையும் எவரும் முதலில் நிற்பது ஓர் அரசர் எடுத்த மண்டபத்தில் அன்று. அமைச்சரும் படைத்தலைவருமான ஒருவர் எடுத்த மண்டபத்தில். அவரே இருகப்ப தண்டநாயகர்.

இருகப்பரின் தந்தை பைச்சப்ப தண்டநாயகர், விஜயநகர மன்னர் முதலாம் புக்கரிடம் அமைச்சராக இருந்தவர். குடும்பம் முழுவதும் சமண நெறியில் உறுதியாக நின்றது. அரசரோ விரூபாட்சரை வணங்கியவர். மன்னரும் அமைச்சரும் வெவ்வேறு தெய்வங்களின் முன் கைகூப்பிய அந்த அரசவையில்தான் இருகப்பர் வளர்ந்தார். அவர் இளமையில் பார்த்திருக்கக்கூடிய நிகழ்ச்சிகளில் ஒன்று, அவருடைய பிற்காலச் செயல்களைப் புரிந்துகொள்ளத் துணை செய்யும்.

கி.பி. 1368இல் சமணர்க்கும் வைணவர்க்கும் இடையே பூசல் மூண்டது. ஆனெகுந்தி, பெனுகொண்டா முதலிய ஊர்களின் சமணர், தமக்கு இழைக்கப்பட்ட இடர்களைப் புக்கரிடம் முறையிட்டனர். திருவரங்கம், திருமலை, காஞ்சி, மேல்கோட்டை ஆகிய தலங்களின் வைணவ ஆசாரியரை மன்னர் அழைத்தார். சமணர் ஒருவரின் கையைப் பற்றி வைணவரின் கையில் வைத்து, இரு தரிசனங்களுக்கும் வேறுபாடு இல்லை என்று அறிவித்தார். சமணர்க்குப் பஞ்ச மகாவாத்தியங்களும் கலசமும் முன்போல் உரியவை என்றும், சமண சமயத்துக்கு நேரும் கேட்டை வைணவர் தமக்கு நேர்ந்ததாகக் கருதிக் காக்க வேண்டும் என்றும் விதித்தார். சமண வீடுகளில் திரட்டும் பணத்தைக்கொண்டு சிரவணபெளகொளத்தில் இருபது காவலரை அமர்த்தவும், எஞ்சியதால் பழுதுற்ற ஜினாலயங்களுக்கு வெள்ளையடிக்கவும் ஏற்பாடாயிற்று. இச்செய்தி சிரவணபெளகொளத்துக் கல்வெட்டில் உள்ளது. சமமான வலிமையுடைய இருவர் செய்துகொண்ட உடன்படிக்கை அன்று இது. எண்ணிக்கையில் குறைந்துபோன ஒரு சமூகம் மன்னரின் நீதியை நம்பிப் பெற்ற அடைக்கலம் என்பதே பொருத்தம். அடைக்கலம் அரசாணையால் கிடைக்கும். அதனை நிலைக்கச் செய்ய அரசவையில் நம்பிக்கைக்குரியவர் வேண்டும். அப்படி நின்றவர்களுள் முதன்மையானவர் இருகப்பர்.

புக்கருக்குப் பின் 1377இல் அவர் மகன் இரண்டாம் ஹரிஹரர் அரியணை ஏறினார். அவருடைய ஆட்சியில் இருகப்பர் அமைச்சராகவும் தண்டநாயகராகவும் உயர்ந்தார். கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட சமயத்தினர் ஒருவர் சேனையை நடத்துவது எங்ஙனம் என்ற ஐயம் எழுவது இயல்பே. இல்லறத்தார்க்கு அணுவிரதமே விதிக்கப்பட்டது. நாட்டையும் குடிகளையும் தாக்க வருவோரைத் தடுக்கும்போது நேரும் விரோதி ஹிம்சையைச் சாவகர்க்கு முற்றிலும் விலக்கவில்லை. கோமடேசுவரர் திருவுருவை நிறுவிய சாமுண்டராயரும் படைத்தலைவரே. ஹொய்சளரிடம் பணிபுரிந்த கங்கராசரும் அவ்வாறே. இருகப்பர் அந்த வரிசையில் வந்தவர்.

அவர் வாளோடு நில்லாமல் எழுத்தாணியும் பிடித்தார். நானார்த்த ரத்னமாலா என்னும் வடமொழி நிகண்டு இருகப்ப தண்டநாதர் பெயரில் வழங்குகிறது. ஒரு சொல்லுக்கு உரிய பல பொருள்களைத் தொகுத்துக் கூறும் நூல் அது. ஒன்றே பலவாகத் தோன்றும் என்ற அநேகாந்த நோக்குடைய ஒருவர் இத்தகைய நூலைத் தேர்ந்தது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் பொருத்தமாகவே படுகிறது.

காஞ்சியோடு அவருக்கிருந்த தொடர்பை இரண்டு கல்வெட்டுகள் காட்டுகின்றன. முதலாவது துந்துபி ஆண்டு, கி.பி. 1382க்கு உரியது. மாவண்டூரைச் சேர்ந்த மகேந்திரமங்கலம் என்னும் ஊரை இருகப்பர் திரைலோக்கியநாதர்க்கு அளித்தார். எவருடைய புண்ணியத்துக்காக இத்தானம் என்பது கருதத்தக்கது. தம் பெற்றோர்க்காகவும் அன்று, தமக்காகவும் அன்று. இரண்டாம் ஹரிஹரரின் மகனான இளவரசர் புக்கரின் நலத்துக்காகவே அவ்வூர் கொடுக்கப்பட்டது. சைவ அரச குலத்து இளவரசருக்கு வர்த்தமான தீர்த்தங்கரரின் சந்நிதியில் நன்மை வேண்டப்பட்டது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் மன்னர் கையோடு கை சேர்த்து வைத்த சமயத்தவர், தம் கோயிலிலிருந்து அவருடைய பேரனுக்குச் செலுத்திய நன்றியாக இதனைக் கொள்ளலாம். இதில் அரசியல் அறிவும் இருந்தது. இளவரசரின் பெயர் பொறித்த தானத்தில் கைவைக்க எந்த அதிகாரியும் எளிதில் துணியமாட்டார்.

இரண்டாவது சாசனம் பிரபவ ஆண்டு, கி.பி. 1387-88ஐச் சேர்ந்தது. தம் குருவான புஷ்பசேன முனிவரின் கட்டளையை ஏற்று இருகப்பர் இக்கோயிலில் மண்டபம் எடுப்பித்தார் என்று அது தெரிவிக்கிறது. அதுவே இன்றைய சங்கீத மண்டபம். புஷ்பசேனர் மல்லிசேண வாமன முனிவரின் மாணவர். மேருமந்தர புராணம் பாடிய வாமன முனிவர் இம்மல்லிசேணரே என்பது அறிஞர் சிலரின் கருத்து. ஆகவே அக்காலத்து ஜினகாஞ்சி வழிபாட்டுத் தலமாக மட்டுமன்றித் தமிழும் வடமொழியும் பயின்ற கல்விக் கழகமாகவும் இருந்தது. தில்லி, கொல்லாபுரம், பெனுகொண்டா ஆகியவற்றோடு ஜினகாஞ்சியையும் சேர்த்து நான்கு வித்தியாஸ்தானங்கள் என்று மரபு போற்றியது.

இவ்விரு தானங்களுக்கும் இடையே தலைநகரிலும் ஓர் ஆலயம் எழுந்தது. சக ஆண்டு 1307இல் இருகப்பர் விஜயநகரத்தில் பதினேழாம் தீர்த்தங்கரரான குந்துநாதர்க்குக் கற்கோயில் எடுப்பித்தார். கோயிலின் முன் ஓங்கி நிற்கும் விளக்குத் தூணில் அச்செய்தியும், அவர் வணங்கிய சிம்மநந்தி ஆசாரியர் வரையிலான குரு பரம்பரையும் வெட்டப்பட்டுள்ளன. இன்று ஹம்பிக்குச் செல்வோர் அதனைக் கன்னட வழக்கில் கானிகித்தி ஆலயம், அதாவது செக்காட்டும் பெண்ணின் கோயில் என்று அழைப்பதைக் கேட்கலாம். கட்டியவரின் பெயர் மக்கள் நாவில் மறைந்துவிட்டது. தூண் மட்டும் மறக்கவில்லை.

இருகப்பரின் தமையன் மங்கப்பர். அவருடைய மகனுக்கும் இருகப்பர் என்றே பெயர். அவர் 1422இல் பெளகொள ஊரைக் கோமடேசுவரர்க்குத் தானம் செய்தார். தாத்தா பைச்சப்பர் தொடங்கிப் பேரன் வரையில் மூன்று தலைமுறை அரச பணியிலிருந்தும் இக்குடும்பத்தின் அறச்செயல் குன்றவில்லை.

ஜினகாஞ்சியின் மடம் பின்னாளில் மேல்சித்தாமூருக்குப் பெயர்ந்தது. காஞ்சி நகரின் பெரிய கோயில்களுக்கு வரும் யாத்திரிகருள் வேகவதியைக் கடந்து பருத்திக்குன்றம் வரை வருவோர் சிலரே. ஆயினும் ஆலயம் பாழ்படவில்லை. கிருஷ்ணதேவராயரும் இதற்குத் தானம் அளித்தார். மண்டபத்தின் விதானத்தில் வர்த்தமானரின் பிறப்பைக் காட்டும் பழைய ஓவியங்கள் சிதைந்தும் சிதையாமலும் விளங்குகின்றன. ரிஷபதேவர், நேமிநாதர் வரலாறுகளும், நேமிநாதரின் உறவினராகிய கண்ணனின் இளமை விளையாடல்களும் அங்கே வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. அத்திகிரியில் வரதரைத் தொழுதுவிட்டு வரும் வைணவ அன்பர் இங்கே அண்ணாந்து பார்த்துத் தமக்குத் தெரிந்த கதையை அடையாளம் கண்டுகொள்வார். கோயிலினுள் முனிவர் மூவர் தவமிருந்ததாகச் சொல்லப்படும் குரா மரம் இன்றும் தளிர்க்கிறது. மண்டபத்துத் தூண் ஒன்றிலுள்ள சிறிய ஆண் உருவம் இருகப்பருடையது என்று அறிஞர் கருதுவர்.